அப்பு நெஞ்சைப் பிடிச்சவரோ?

தாழ்வுபாடு,
வெள்ளிக்கிழமை.

மாதாவின் காவலில் வங்காலையில் வசிக்கும் என் உடன்பிறப்பு பஸ்தியாம்பிள்ளைக்கு, மூத்த அக்கா கித்தேரி எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் அவ்வாறே இருக்கச் செபிக்கிறேன். உன் பெண்சாதி எடித்துக்கு இந்தக் கடிதத்தில் ஒரு சுகவிசாரிப்பும் இல்லை, தேடாதை.

நிற்க. எங்களைப் பெத்த அப்பு செத்த நாளிலிருந்து உன்னோட கதைக்காதவள் இப்ப ஏன் எழுதுறாள் எண்டு யோசிப்பாய். போனில உன்ர குரலைக் கேட்டா ஏசிப்போடுவன், அதுதான் கடதாசி. என்ர வலது முழங்கால் தேய்ஞ்சு போச்சு. மாத்தாட்டி இனிக் கதிரையிலதான் சீவியம், மருமகள் தூக்கிக் குந்தவைக்க வேணும். அதைவிடச் சவக்காலை நல்லம். ஆனால் கத்தி வைக்க முதல் நெஞ்சு தாங்குமோ எண்டு பாக்க வேணுமாம். டொக்டர் நிப்ராஸ், மீசை கூட ஒழுங்கா முளைக்காத பிள்ளை, "அம்மா, படி ஏறினா மூச்சு வாங்குமோ?" எண்டு கேட்டார். "தம்பி, தாழ்வுபாட்டில ஏறப் படி எங்க கிடக்கு? கிடந்தாலும் மூச்சு வாங்க முதல் முழங்கால் நிண்டிடும்" எண்டன். "அதுதான் கரைச்சல், நடக்காத ஆளின்ர நெஞ்சு வருத்தத்தை ஒளிச்சு வைச்சிருக்கும்" எண்டு சொல்லி, நெஞ்சைப் படம் பிடிக்கிற எக்கோ எடுக்க அனுப்பிவிட்டார்.

பட்டப்பகலிலயும் இருட்டான அறை அது. டினோஜா எண்ட பெட்டை என்னை இடப்பக்கம் சரிச்சு, நெஞ்சில குளிர்ந்த களியைப் பூசி, ஒரு குமிழை வைச்சு அழுத்தினாள். பக்கத்தில கிடந்த ரிவி மாதிரிப் பெட்டியில என்ர இருதயம், வலையில அம்பிட்ட பேத்தை மீன் மாதிரி வீங்கிச் சுருங்குது. அப்ப ஒரு சத்தம். அலை மணலை இழுக்கிற சத்தம். அதுக்குப் பின்னால துடுப்பு வள்ளத்தில இடிக்கிற சத்தம். அதுக்கும் பின்னால, கரையில நிண்டு ஒரு ஆம்பிளைக் குரல் ஆரையோ பேர் சொல்லிக் கூப்பிடுது. தலகாணி முழுக்கக் கடல் மணம். "மெசின் நல்லாக் கத்துது பிள்ளை" எண்டன். அவள் என்னை ஒருக்கா உத்துப் பாத்துப்போட்டுக் களியைத் துடைச்சுவிட்டாள்.

வெளியில வர டொக்டர் கேக்கிறார், "உங்கட ஆக்கள் ஆரும் சடுதியாச் செத்தவையோ?" "ஓம், அப்பு. என்ர தம்பி பெண்சாதியின்ர நாக்கால" எண்டன். சொன்னதில பிழை இருக்கோ? சூடை மீன் சொதியில உப்புக் கூட எண்டு அப்பு சொன்னதுக்கு, கலியாணம் முடிச்ச ஈரம் காயாத உன்ர எடித், "அப்ப இனி என்ர கையால நீங்கள் தின்னவே வேண்டாம்" எண்டவள். பின்னேரம் வள்ளத்தால இறங்கின மனிசன் கரையிலயே விழுந்து முடிஞ்சார். தின்னேல்லைத்தானே! டொக்டர் சிரிக்கேல்லை. "மாரடைப்பாயும் இருக்கலாம் அம்மா. விழேக்க நெஞ்சைப் பிடிச்சவரோ, வேர்த்தவரோ? பக்கத்தில நிண்ட ஆளைக் கேளுங்கோ" எண்டார். பக்கத்தில நிண்டது நீ.

ஆகையால், பிடிச்சவரோ இல்லையோ எண்டு ஒரு வரி எழுது, காணும். பிடிச்சவர் எண்டா அது பரம்பரை வருத்தம், எனக்கு ஒப்பரேசன் இல்லாமல் போகலாம். எடித்தின்ர குற்றமும் இல்லாமல் போகும். இதில எது எனக்குக் கூட நோகும் எண்டு எனக்கே விளங்கேல்லை. நீ இங்க வரத் தேவையில்லை. அவள் என்ர படலையைத் தாண்டினா சுடுதண்ணி ஊத்துவன்.

உனக்கும் பிள்ளைகளுக்கும் அந்தோனியார் துணையிருப்பாராக. எடித்துக்கு அவர் விருப்பம்.

இப்படிக்கு,
கித்தேரி

பி.கு.: ஒட்டினதைப் பிரிச்சு எழுதுறன். இப்பதான் கிளினிக்கால வந்தனான். என்ர நெஞ்சு கல்லு மாதிரியாம், ஒப்பரேசன் செய்யலாமாம். நீ மறுமொழி எழுதத் தேவையில்லை. ஆனால் அந்த மெசின் சத்தத்தைப் பற்றி டினோஜாவிட்டக் கேட்டன். "அம்மம்மா, நான் அண்டைக்கு மெசின்ர சத்தத்தைப் போடவேயில்லையே" எண்டாள். தம்பி, அந்தக் குரல் கூப்பிட்ட பேரை எரிச்சலில மேல எழுதாமல் விட்டனான். படுத்துக் கிடந்தது நான், அப்பு கூப்பிட்டது உன்னை. "பஸ்தி, வாடா, வள்ளத்தைப் பிடி" எண்டு. மீன் யாவாரி இன்சாப்பின்ர மோட்டசைக்கிளில இதைக் குடுத்துவிடுறன். வாசிச்ச கையோட டொக்டரிட்ட நெஞ்சைக் காட்ட வெளிக்கிட்டு வா. தனிய பஸ் ஏறாதை. எடித் உன்ர கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு வரட்டும். வழியில ஆர் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் ஓம் எண்டு சொல்லிப்போடாதை.