பாப்பாத்தி கட்டிய வேப்பிலை

ரெட்டிபாளையம்,
16-5-1985.

கும்பகோணத்தில் இருக்கும் தம்பி அரியமுத்துவுக்கு அக்கா அமிர்தவல்லி ஆசி கூறி எழுதுவது. வெயிலையும் சிமெண்ட்டுத் தூசியையும் தவிர்த்தால் நானும் உன் மாமாவும் சுகம். மலர்க்கொடியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க அம்மனை வேண்டுகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. மார்பில் கட்டியை எடுத்த பிறகு டாக்டரம்மா கொடுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் நேரில் வந்து சண்டை போடுவேன் என்கிறாய். வராதே. நிறுத்தியாச்சு, முந்தாநாளோடு சரி. புற்று திரும்பாமல் இருக்கத்தான் மாத்திரை என்று எனக்கும் தெரியும். விழுங்குகிறவள் நான்தானே! அதனால் மாதத் தூரம் நின்றதுகூட நல்லதுதான். ஆனால் அது கிளப்புகிற இந்தச் சூடு இருக்கிறதே, ஐயோ! கழுத்தில் கிளம்பி உச்சிக்கு ஏறும். முகம் சிவந்து ரவிக்கை தொப்பலாகும். அடுத்த நிமிஷமே குளிரும்.

போன மாதம் அம்மியில் அரைக்கும்போது அப்படி ஏறியது. முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி எட்டிப் பார்த்து, "ஆத்தாடி! அமிர்தக்காவுக்கு அம்மை போட்டுருக்கு!" என்று கத்தி, நான் வாய் திறப்பதற்குள் வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டாள். ஷிப்ட் முடிந்து வந்த உன் மாமாவோ, உண்மை தெரிந்தும், "சாமி காரியம், நான் எப்புடிடி எடுக்குறது?" என்று கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தார். ஆம்பளை!

நானே பிடுங்கிப் போடலாமென்று எழுந்தால், குரும்பலூரிலிருந்து நாத்தனார் முத்தாயி, என்னைக் கவனிக்கிறேன் பேர்வழி என்று பெட்டியோடு வந்து நிற்கிறாள். வேப்பிலையைப் பார்த்ததும் படியேறவில்லை. "தாயே, நான் பொறவு வரேன்"னு தெருவிலிருந்தே கும்புட்டுட்டு அடுத்த பஸ்ஸுல ஏறிட்டா. அதுக்கப்புறம் அந்த வேப்பிலையை எடுக்க எனக்கு மனசு வருமாடா? தாளிப்பு கிடையாது, வறுவல் கிடையாது; தெருவே இளநீரும் மோரும் கூழும் வாசலில் வைத்துவிட்டுப் போனது. கல்யாணமான நாளிலிருந்து நான் அப்படிக் காலை நீட்டிப் படுத்ததில்லை.

கடைசியில் மாட்டிக்கொண்டேன். பாப்பாத்தி மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். அம்மை இறங்கியது என்று எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்கும்போதே எனக்குக் குப்பென்று ஏறிவிட்டது. "ஆத்தா கோவமா இருக்கா, தீ மிதிக்கணும்"னு ஒரே பேச்சு. யார் மிதிக்கிறது? நான்தான்! வேற வழியில்லாம, இது மாத்திரை பண்ற வேலைன்னு சொல்லிட்டேன். இப்போது பாப்பாத்தி என்னோடு பேசுவதில்லை. அந்த ஆத்திரத்தில்தான் முந்தாநாள் மாத்திரையைப் பரணில் தூக்கிப் போட்டேன். நாற்பத்தாறு வருஷம் வாழ்ந்தாச்சு, இனி உடம்பு குளிர்ந்திருந்தால் போதும். மறுபேச்சுப் பேசாதே.

மலர்க்கொடிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள்.

அன்புடன் உன் அக்கா,
அமிர்தவல்லி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் உன் மாமா ஜெயங்கொண்டம் போய் ஒரு முந்திரிக் கன்றோடு வந்துவிட்டார். "மூணு வருசத்துல காய்ச்சிரும், கொல்லையில வெச்சிரட்டுமா?" என்றார். "கெணத்தோரமா வைங்க, நான் உக்காந்து கொட்டை பொறுக்கத் தோதா இருக்கும்" என்றேன். சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. அழுகை வந்துவிட்டது தம்பி. நான் இருக்கணும்டா. பரணிலிருந்து மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டேன். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. நீ வா, வரும்போது அடுத்த மாத மாத்திரையையும் வாங்கிக்கொண்டே வா.