ஐந்து அசைன்மென்ட்டும் ஓர் அத்தானும்

வரதட்சணைத் தகராறில் கல்யாணம் நின்றிருக்கிறது. ஜாதகம் பொருந்தாமல் நின்றிருக்கிறது. ஆனால், இன்டர்னல் மார்க்குக்கு ஆசைப்பட்டு முறை மாப்பிள்ளையைப் பறிகொடுத்தவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

கோவில்பட்டியிலிருந்து பி.ஏ. படிக்கத் தில்லிக்கு வந்தேன். ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டவர்களிடம், "அங்கதான் நல்லாச் சொல்லித் தருவாங்களாம்" என்றேன். உண்மையான காரணம் சரவணன் அத்தான். அப்பாவின் தங்கை மகன். அரசு வேலைப் பரீட்சைகளுக்குப் படிப்பதாகச் சொல்லி, முனிர்காவில் வெயிலே எட்டிப் பார்க்காத ஓர் அறையில் இருந்தார். எனக்கு அவர்தான் என்று சின்ன வயதிலேயே வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். (என்னிடம் பேசினார்கள். அவரிடம் யாராவது பேசினார்களா என்று கேட்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.) அவர் மேல் எனக்குக் கொள்ளை ஆசை. அதை மறைத்து இனி என்ன ஆகப்போகிறது?

அவர் அறைக்கு இரண்டு சந்து தள்ளி எனக்கும் ஓர் அறை பார்த்தார். வீட்டுக்கார ஆன்ட்டிக்கு ஒரே ஒரு சட்டம்தான்: ஆம்பளைப் பையன் யாரும் படியேறக் கூடாது. என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற அத்தானை மேலும் கீழும் பார்த்து, "யே கௌன் ஹே?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். "கஸின் பிரதர், ஆன்ட்டி."

ஆன்ட்டி முகம் மலர்ந்துவிட்டது. தில்லிப் பக்கத்தில் அத்தை மகனும் அண்ணன்தான். கட்டிக்கொள்ளும் பேச்சுக்கே இடமில்லை. அறை கிடைத்தால் போதும் என்று நானும் தலையாட்டினேன்.

ஆட்டிய தலைக்கு ஆகஸ்ட் மாதம் தண்டனை வந்தது. ரக்ஷா பந்தன் அன்று அத்தானையும் வரவழைத்து, ஆன்ட்டி தட்டில் குங்குமம், லட்டு, ஜிகினா வைத்த ராக்கி எல்லாம் அடுக்கிக்கொண்டு வந்து நின்றார். அண்ணன் இருந்தும் கட்டாமல் விட்டால் பாவமாம். "பாந்தோ பேட்டி, ஜல்தி!" என்று, சீக்கிரம் கட்டச் சொல்லிக் கயிற்றை என் கையில் திணித்தார். ஊரில் இதைச் செய்திருந்தால் அத்தை மயக்கம் போட்டு விழுந்திருப்பார். கண்ணில் நீர் முட்டக் கட்டினேன். ஆன்ட்டி அதைப் பாசம் என்று நினைத்து போட்டோ எடுத்தார். அத்தான் எவ்வளவு வேகமாகக் கையை நீட்டினார் என்பதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம், ஐந்து பாடத்துக்கும் ஒரே வாரத்தில் அசைன்மென்ட் வந்து விழுந்தது. பொருளாதாரத்துக்கு ஒருவருடைய மாதச் செலவை ஆராய வேண்டும். சுற்றுச்சூழலுக்கு ஓர் அறையில் சேரும் குப்பையைப் பிரித்து எழுத வேண்டும். ஆங்கிலத்துக்கு 'என்னைக் கவர்ந்த மனிதர்'. உளவியலுக்கு 'சகோதர உறவு'. (உடன்பிறந்தோர் இல்லாதவர்கள் கஸினை எடுத்துக்கொள்ளலாம் என்று சலுகை வேறு.) சமூகவியலுக்குச் சொந்தக் குடும்பத்தின் உறவுமுறைப் படம், அதில் யாரை யார் கட்டலாம் என்று புள்ளிக்கோடு போட்டுக் காட்ட வேண்டும்.

ஒரே மாவில் இட்லி, தோசை, பணியாரம் எல்லாம் சுடும் வம்சத்தில் வந்தவள் நான். ஐந்துக்கும் அத்தானையே எடுத்துக்கொண்டேன். அவருடைய டீச் செலவு பொருளாதாரம் ஆனது. அவர் அறையின் பிஸ்கட் உறைகள் சுற்றுச்சூழல் ஆயின. ஆங்கிலத்தில் அவரைப் புகழ்ந்து எழுதியதை இப்போது படித்தால் எனக்கே கூசுகிறது. உளவியலில், "என் அண்ணனுக்கு ராக்கி கட்டியபோது என் கண்கள் கலங்கின" என்று எழுதி, ஆன்ட்டி எடுத்த போட்டோவையும் ஒட்டினேன். (கலங்கியது உண்மைதான். காரணத்தை மட்டும் எழுதவில்லை.)

சமூகவியல் படம்தான் படாத பாடு படுத்தியது. எங்கள் வீட்டில் எல்லாரும் சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டவர்கள். எந்தப் பக்கம் கோடு இழுத்தாலும் அது சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தது. கடைசியில் எனக்கும் அத்தானுக்கும் நடுவே புள்ளிக்கோடு போட்டேன், சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில், மற்ற கோடுகளைவிடக் கொஞ்சம் தடிமனாக. பாஸ்போர்ட் போட்டோ ஒட்டச் சொல்லியிருந்தார்கள். அதையும் ஒட்டினேன்.

ஒவ்வொன்றும் ஒவ்வொரு மேடத்திடம் போய்விடும் என்றுதான் நினைத்தேன். முதலாமாண்டுக் கண்காட்சி என்று ஒன்று வைத்து, ஒரு மாணவியின் ஐந்து பாடத்தையும் அருகருகே சுவரில் ஒட்டுவார்கள் என்று நான் கண்டேனா? என் சுவர் தேர்தல் சுவர் மாதிரி இருந்தது. எங்கு பார்த்தாலும் அத்தான் சிரித்துக்கொண்டிருந்தார்.

உளவியல் மேடமும் சமூகவியல் மேடமும் அதன் முன்னால் வந்து நின்றார்கள். ராக்கி போட்டோவைப் பார்த்தார்கள். சிவப்புக் கோட்டைப் பார்த்தார்கள். மறுபடி ராக்கியைப் பார்த்தார்கள்.

"ஜெயா, இந்த இரண்டும் ஒரே ஆளா?"

"ஆமா மேடம்."

"அண்ணனைக் கட்டிக்கொள்ளச் சொல்லி உன்னை யாராவது வற்புறுத்துகிறார்களா?"

எங்கள் ஊர் வழக்கத்தை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். விளக்க விளக்க உளவியல் மேடத்தின் முகம் வெளிறியது. என் தோளை ஆதரவாகப் பிடித்துக்கொண்டு, அப்பாவிடம் உடனே பேச வேண்டும் என்றார். அப்பாவுக்குத் தமிழ் தவிர வேறு தெரியாது. சார்ட்டுகளைச் சுமந்து வந்திருந்த அத்தானே மொழிபெயர்க்க முன்வந்தார். சாயம் போன ராக்கி இன்னும் அவர் கையில் இருந்தது. அதைப் பார்த்ததும் மேடமும் சரி என்றார்.

போனை ஸ்பீக்கரில் போட்டார்கள். "மாமா, ஜெயாவுக்கும் எனக்கும் கல்யாணம் பேசியிருக்கான்னு காலேஜ்ல கேக்காங்க."

அப்பா சந்தோஷமாகவே சொன்னார்: "இதெல்லாமா விசாரிக்காங்க? நல்ல காலேஜாத்தான் இருக்கு. படிப்பு முடியட்டும் மாப்ள, தை பொறந்ததும் வச்சுக்கிடலாம்னு சொல்லு."

அவ்வளவு அவமானத்திலும் என் மனசு குதித்தது. அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு மேடத்திடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "அப்படி எதுவும் இல்லையாம். இவள் என் தங்கை."

மேடம் பெருமூச்சு விட்டார். உளவியலுக்கு அங்கேயே முழு மார்க் போட்டார். சமூகவியல் மேடம், படத்திலிருந்து அந்தக் கோட்டை எடுத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்.

முனிர்காவுக்கு நடந்து வரும்போது, "நல்லவேளை அத்தான், சமாளிச்சிட்டீங்க" என்றேன்.

"சமாளிக்கல ஜெயா." அவர் நின்றுவிட்டார். "ரொம்ப நாளாச் சொல்லணும்னு இருந்தேன். எனக்கு அந்த மாதிரி நெனப்பே வரல. கூடப்பொறந்தவ இல்லாதவன். நீ ராக்கி கட்டுனதும் எனக்குத் தங்கச்சி கெடச்ச மாதிரி இருந்துச்சு."

அவர் பாவம், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தெருமுனை வண்டியில் மோமோ வாங்கித் தந்தார். சட்னி காரம் என்று சொல்லிக்கொண்டு தட்டு காலியாகும் வரை அழுதேன். வீட்டுக்கு வந்து சிவப்புக் கோட்டின் மேல் வைட்னர் பூசினேன். எத்தனை தடவை பூசினாலும் அடியிலிருந்து ரோஸ் நிறத்தில் தெரிந்துகொண்டே இருந்தது.

விஷயம் ஊருக்குத் தெரிந்து, அப்பா ஒரு வருஷம் அத்தையோடு பேசவில்லை. பிறகு கோபம் ஆறியது. அத்தானுக்கு வேலை கிடைத்து, கோவில்பட்டியிலேயே வேறு பெண் பார்த்தார்கள். தாலி ஏறும் நேரத்தில் நாத்தனார் முடிச்சுப் போட ஆள் இல்லை. மாப்பிள்ளைக்குத்தான் கூடப்பிறந்தவள் கிடையாதே. கெட்டிமேளம் முழங்க, எல்லாரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். கூட்டத்துக்கு நடுவிலிருந்து அப்பாவின் குரல் மட்டும் கணீரென்று வந்தது.

"ஏட்டி ஜெயா! தங்கச்சின்னு எழுதி முழு மார்க்கு வாங்குனவ நீதானே? எந்திரிச்சுப் போய் முடிச்சப் போடு!"

மண்டபமே சிரித்தது. நான் எழுந்து போய்ப் போட்டேன். அவிழாதபடி இறுக்கமாகத்தான் போட்டேன்.

அன்றிலிருந்து குடும்பத்தில் என் பெயரே 'முழு மார்க்கு'. சொந்தத்தில் எந்த மாப்பிள்ளைக்கு அக்கா தங்கை இல்லையென்றாலும், "முழு மார்க்கு எங்க, வரச் சொல்லு" என்று ஆள் அனுப்பிவிடுகிறார்கள். போன மாதம்கூடக் கூப்பிட்டார்கள். லீவு போட்டு, தில்லியிலிருந்து ரயிலேறிப் போய் முடிச்சுப் போட்டுவிட்டு வந்தேன்.