பேராசிரியர் சுப்பராயன் சங்கு ஊதிய நாள்

மணவாள நகர்,
12-5-1973

மரியாதைக்குரிய மச்சான் பூவராகவன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை கனகாம்பாளின் புருஷன் சுப்பராயன் நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. வீரராகவப் பெருமாள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சௌக்கியம். பொதட்டூர்பேட்டையில் தாங்களும், அக்காவும், பிள்ளை சின்னராசுவும், தறிகளும் சௌக்கியமாக இருப்பதற்குப் பதில் எழுத வேண்டியது.

நிற்க. தை மாதம் திருத்தணிக் கல்யாணப் பந்தியில் தாங்கள், "எருமைய வித்துப் பொண்ண காலேஜ்ல சேத்துக்கிறான், ரெண்டுல எது பால் கறக்குதுன்னு பாக்கலாம்" என்று சொன்னீர்கள். பந்தியே சிரித்தது. அன்றைக்கு நான் பதில் சொல்லாததற்குக் காரணம் வாயில் அப்பளம் இருந்தது. இப்போது வாய் காலியாக இருப்பதால் எழுதுகிறேன்.

நான் பாய்லர் பார்த்த அரிசி மில் தங்களுக்குத் தெரியும். முதலாளி நஷ்டம் என்று பூட்டிவிட்டு மெட்ராஸுக்குப் போனதும், வேப்பம்பட்டில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்த துளசிராமன் என்பவர் மில்லை வாடகைக்குப் பிடித்து, வெள்ளையடித்து, அகில பாரதத் தொழில்நுட்பக் கல்லூரி என்று பலகை மாட்டி, தானே பிரின்ஸிபாலாகவும் ஆனார். நெல் கொட்டிய கொட்டகை வகுப்பறை, தவிட்டு ரூம் பிரின்ஸிபால் ரூம், நெல் காயப்போடும் களம் விளையாட்டு மைதானம், என் பாய்லர் சோதனைக்கூடம், நான் வாட்ச்மேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரிசையாக வரப்போகின்றன, டிப்ளமோ படித்தவனைக் காரில் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள் என்று அவர் சொன்னதில் நாற்பது குடும்பம் நன்கொடை கட்டிப் பிள்ளைகளைச் சேர்த்தது. அந்த நாற்பதில் ஒரே பெண் பிள்ளை நம் செண்பகம். தினமும் காலையில் அவள் வரும்போது கேட்டைத் திறந்துவிடுவது நான்தான். என் பெண்ணுக்குக் கல்லூரிக் கதவைத் திறந்துவிடுகிறேன் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும், மச்சான்.

ஒரு சின்னக் குறை, அரசாங்க அங்கீகாரம் வரவில்லை. அது இல்லாவிட்டால் பிள்ளைகள் டிப்ளமோ பரீட்சையே எழுத முடியாது, ஒன்றரை வருஷப் படிப்பு வீண். போன வியாழக்கிழமை மெட்ராஸிலிருந்து கமிட்டி வருகிறது என்று ஒரு வாரம் முன்னாலேயே தெரிந்ததும் பிரின்ஸிபாலுக்குக் கைகால் ஓடவில்லை. நூலகம் வேண்டுமே என்று ஒரு வக்கீல் வீட்டுச் சட்டப் புத்தகங்களையும் பத்து வருஷப் பஞ்சாங்கத்தையும் வாங்கி அடுக்கினார். பாய்லர் பற்றிச் சொல்லப் பேராசிரியர் வேண்டுமே என்று சுற்றிப் பார்த்தவர் கண்ணில் நான் பட்டேன். "சுப்பராயன், ஒரு நாளைக்கு நீதான்யா புரொபசர், கல்கத்தாவுல படிச்சவன்" என்றார். கோட்டுக்கு எங்கே போவது? கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கும் ஆசீர்வாதம் தன் சிவப்புக் கோட்டைக் கொடுத்தான், ஜரிகையைப் பிரித்துவிட்டுப் போட்டுக்கொண்டேன். கமிட்டி முன்னால் மறந்தும் நைனா என்று கூப்பிடக் கூடாது என்று செண்பகத்துக்குக் கண்டிப்பான உத்தரவு. அவள் பழக்கம் வரட்டும் என்று ஒரு வாரம் வீட்டில், "சார், சோறு போடட்டுமா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தாள். தங்கள் தங்கை அந்த வாரம் முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை.

வியாழக்கிழமை விடியற்காலையே உமியைப் போட்டுப் பாய்லரை மூட்டிவிட்டேன். கமிட்டியில் மூன்று பேர். நூலகத்தில் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் சோதனைக்கூடத்துக்கு வந்தார்கள். அதில் பெரியவர் பிள்ளைகளைப் பார்த்து, பாய்லர் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் தெரியவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். முப்பத்தொன்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். பிரின்ஸிபால் கூரையைப் பார்த்தார். செண்பகம் எழுந்து நின்றாள்.

"தண்ணி மட்டும் உடக்கூடாது சார். மொதல்ல நெருப்ப வெளிய இழுத்துப் போடணும். பயந்துகினு தண்ணிய உட்டா பாய்லர் வெடிச்சிடும்."

எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று அவர் கேட்டார்.

"புக்ல இல்ல சார். எங்க நைனா சொல்லிக் குடுத்தாரு" என்று என்னைக் கையைக் காட்டிவிட்டாள்.

பிரின்ஸிபால் முகம் தவிட்டு நிறமாகிவிட்டது. பெரியவர் என் கோட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சர்ட்டிபிகேட் இருக்கிறதா என்றார். பாய்லர் பக்கத்திலேயே கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் என் பாய்லர் அட்டெண்டண்ட் சர்ட்டிபிகேட்டைக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இந்தக் காலேஜ்ல செல்லுபடியாகிற சர்ட்டிபிகேட் இது ஒண்ணுதான்" என்றார். இப்படி ஒரு பாராட்டு நம் வம்சத்தில் யாராவது வாங்கியிருக்கிறார்களா, மச்சான்?

அந்தச் சந்தோஷத்தில்தான் ஒரு காரியம் நடந்துவிட்டது. பாய்லர் மீட்டரில் ஸ்டீம் முள் அளவுக் கோட்டைத் தொட்டது. முள் தொட்டால் ஊரைக் கூப்பிடும் மில் சங்கை இழு என்பது இருபது வருஷப் பழக்கம், கை யாரைக் கேட்கும்? இழுத்துவிட்டேன். ஒன்றரை வருஷமாக ஊதாத சங்கு. மில் திறந்துவிட்டது என்று ஊரே நினைத்துக்கொண்டது. அரை மணி நேரத்தில் பதினோரு வண்டி நெல் கேட்டுக்குள் வந்துவிட்டது. பின்னாலேயே களத்து மேஸ்திரி செங்கம்மாளும் அவள் ஆட்களும் துடைப்பத்தோடு வந்து, வாலிபால் வலையைப் பிடுங்கிச் சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டுக் களத்தைப் பெருக்க ஆரம்பித்தார்கள். கமிட்டி நடுக்களத்தில் நின்றது. செங்கம்மாள் யாரென்றும் பார்க்கவில்லை.

"இன்னா சார், நெல்லு காயற எடத்துல செருப்போட நிக்கிறீங்க? கய்ட்டுங்க."

மூன்று பேரும் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நின்றார்கள். மே மாத வெயில், சிமெண்ட் களம், பாவம். இது எங்கள் செயல்முறைப் பயிற்சி என்று பிரின்ஸிபால் சொன்னார். பெரியவர் ஒற்றைக் காலில் நின்றபடியே அதைக் குறித்துக்கொண்டார். ஸ்டீம் ஏறின பிறகு வந்த நெல்லைத் திருப்பி அனுப்ப எனக்கு மனசு வருமா? பிள்ளைகளையே மூட்டை தூக்க வைத்து, செண்பகத்தைக் கண்ணாடிக் குழாய் பக்கம் நிறுத்தி, பதினோரு வண்டியையும் அவித்து முடித்தேன். இந்தக் கல்லூரியில் நடந்த முதல் வகுப்பு அதுதான் என்று பிள்ளைகளே சொன்னார்கள். கமிட்டி போகும்போது பெரியவர் செண்பகத்திடம் மட்டும் பேர், விலாசம் கேட்டு எழுதிக்கொண்டார்.

ஆகவே அங்கீகாரம் வந்ததுபோலத்தான் என்று பிரின்ஸிபால் சொல்லிவிட்டார். தாங்கள் யோசிக்காமல் தறியில் ஒன்றை விற்றாவது சின்னராசுவை இங்கே சேர்த்துவிடவும். பேராசிரியர் வீட்டுப் பிள்ளை என்று சலுகை வாங்கித் தருகிறேன். இதை எழுதும்போதுகூட நான் கோட்டைக் கழற்றவில்லை. பெரியவர்களுக்கு என் வணக்கமும், பிள்ளைக்கு ஆசியும், கல்யாணத்தில் சிரித்த அத்தனை பேருக்கும் என் விசாரிப்பும் சொல்லவும்.

இப்படிக்கு,
பேராசிரியர் சுப்பராயன் (பாய்லர்)

பின்குறிப்பு (20-6-1973): இந்தக் கடிதத்தைக் கோட்டுப் பையில் வைத்து மறந்து, கோட்டை ஆசீர்வாதத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடிதம் ஒரு மாதம் ஊர் ஊராகக் கல்யாணத்துக்குப் போய்விட்டு நேற்றுதான் வந்தது. வந்தது நல்லதாயிற்று. சின்னராசுவை அனுப்ப வேண்டாம். தறியை விற்க வேண்டாம். கமிட்டி அங்கீகாரம் இல்லை என்று எழுதிவிட்டது. துளசிராமன் டைப்ரைட்டர்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனவர் போனவர்தான். நாற்பது வீட்டுக்காரர்களும் பெஞ்சு, நாற்காலி என்று கிடைத்ததைத் தூக்கிப் போனார்கள். எனக்கு வாலிபால் வலை வந்தது, தங்கள் தங்கை அதில் அவரைக் கொடியை ஏற்றியிருக்கிறாள். பிள்ளைகளின் ஒன்றரை வருஷத்தை யார் திருப்பித் தருவார்கள்? அந்த ஆளுக்கு நானும்தானே கோட்டு மாட்டிக்கொண்டு நின்றேன்.

பதினோரு வண்டி வந்த சேதி கேட்டு முதலாளி மெட்ராஸிலிருந்து ஓடி வந்து மில்லைத் திறந்துவிட்டார். நான் பழையபடி பாய்லரில். தங்களிடம் நெல் இருந்தால் அனுப்பவும். செண்பகத்துக்கு அந்தக் கமிட்டிப் பெரியவர், மெட்ராஸில் பெண்களுக்கென்று இருக்கும் அரசாங்கப் பாலிடெக்னிக்குக்கு விண்ணப்பத் தாளைத் தபாலில் அனுப்பினார். இடம் கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை ஹாஸ்டலில் கொண்டுபோய் விடுகிறேன்.

அவள்தான் இந்தக் கடிதத்தை இப்போது படித்துப் பார்த்தாள். கல்லூரி என்று வருகிற இடத்திலெல்லாம் மில் என்று மாற்றிப் படித்துக்கொள்ளும்படி மாமாவுக்கு எழுதச் சொன்னாள். பேராசிரியர் என்று வருகிற இடத்தை என்ன செய்வது என்று கேட்டேன்.

"அது அப்டியே இருக்கட்டும் நைனா" என்றாள்.