கறுப்புப் பனியனில் நான் எடுத்த பிசிறு

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து சாயம் ஓடின துணி மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்று இன்றைக்கும் பிடிபடவில்லை. சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் ஒன்று போட்டு வைத்திருக்கிறேன். வேண்டாததைப் படிக்கிறவர்கள் எடுத்துவிடுங்கள்.

நான் வீரபாண்டிப் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் பிரிண்டிங் மாஸ்டர். பனியன்மேல் படம் அச்சடிக்கிற வேலை. (டீ சர்ட் என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வதும் எங்களுக்குப் பனியன்தான்.) கூச்ச சுபாவம். நாலு பேர் இருந்தால் ஐந்தாவது ஆளாகச் சுவரோடு ஒட்டிக்கொள்வேன். ஆனால் வேலையில் சுத்தக்காரன் என்று பேர் வாங்கியிருந்தேன். அந்தப் பேரால் வந்ததுதான் எல்லாம்.

எங்கள் முதலாளியம்மா தனலட்சுமி அதுவரை பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்கு ஜாப் ஒர்க்தான் செய்துகொண்டிருந்தார். அந்த வருடம்தான் முதன்முதலாக வெளிநாட்டு ஆர்டர் ஒன்று நேராகக் கிடைத்தது. பனி கொட்டுகிற ஏதோ ஒரு தேசத்தில் ஒரு பாட்டுக் குழு. அவர்கள் புது ஆல்பம் வெளியிடும் கச்சேரிக்கு ஐந்நூறு கறுப்புப் பனியன். ஆர்டர் வந்த வாரமே வாசலில் பழைய போர்டை இறக்கிவிட்டு, பேருக்குப் பின்னால் ‘எக்ஸ்போர்ட்ஸ்’ என்று சேர்த்துப் புது போர்டு மாட்டிவிட்டார். இந்தச் சரக்கு திரும்பினால் போர்டும் இறங்கும், நாங்களும் பழையபடி ஜாப் ஒர்க்குக்கே போவோம். அது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும் என்பதுதான் கொடுமை.

ஆர்டரைக் கவனித்தது மெர்ச்சண்டைசர் ஜெனிபர். தூத்துக்குடிப் பிள்ளை. சாம்பிளை வெளியே ஓர் இடத்தில் போட்டு ஓகே வாங்கிவிட்டு, அச்சடிக்க வேண்டிய படம் இருந்த பிலிமை என்னிடம் கொடுத்துவிட்டு, அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டாள். ஓகே ஆன சாம்பிள் அவள் மேஜைக்குள். சாவி அவள் பையில்.

நான் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பகீரென்றது. மேலே குழுவின் பேராம். முருங்கை மரத்தை வேரோடு பிடுங்கித் தலைகீழாக நிறுத்தின மாதிரி, ஒவ்வோர் எழுத்திலிருந்தும் நூல் நூலாக நாலு பக்கமும் ஓடியிருந்தது. கீழே ஊசி ஊசியான மரங்கள், நிலா. மரங்களுக்கு நடுவே பொடிப்பொடியாகப் புள்ளிகள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பனியன் ஊரில் பிறந்த பிள்ளைக்கு அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடியாகத் தெரிகிற வார்த்தை பிசிறு. தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கிற நூல். அதை வெட்டி எடுப்பதற்கென்றே ஆள் உண்டு. பிசிறு இருந்தால் சரக்கு ரிஜக்ட். என் கண்ணுக்கு அந்த எழுத்து முழுவதும் பிசிறு. அந்தப் புள்ளியெல்லாம் தூசி.

‘பாவம், வெளிநாட்டுக்காரன். பிலிம் போட்டவன் ஏமாற்றிவிட்டான்’ என்று நினைத்தேன். அந்தப் பிலிமிலிருந்து எடுத்த ஸ்கிரீனை, அதாவது மை இறங்குகிற வலைச் சட்டத்தை, எடுத்து வைத்துக்கொண்டு, ஓட்டை அடைக்கிற மருந்தை மெல்லிய பிரஷ்ஷில் தொட்டு, ஒவ்வொரு பிசிறாக அடைத்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் எஸ், எம், எல், எக்ஸ்எல். ஆகவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்: தடித்த கோடு எழுத்து, மெல்லிசு பிசிறு. முழுதாக இரண்டு நாள். கழுத்து பிடித்துக்கொண்டது. ஐந்நூறையும் அடித்து, உலர்த்தி, அடுக்கிவிட்டு, தள்ளி நின்று பார்த்தேன். பள்ளிக்கூடப் பலகையில் எழுதின மாதிரி பளிச்சென்று இருந்தது. (எனக்கே என் முதுகைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது. கழுத்துப் பிடிப்பில் கை போகவில்லை.)

ஜெனிபர் திரும்பி வந்த அன்று தனியாக வரவில்லை. கூட ஒருவர். ஆறடிக்கு மேல் உயரம், இடுப்பு வரை முடி, அந்த வெயிலிலும் தலையிலிருந்து கால் வரை கறுப்பு. பேர் ஏரிக். குழுவில் பாடுகிறவராம். நம் நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர், தங்கள் பனியனைச் செய்கிறவர்களையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார்.

முதலாளியம்மா இளநீர் கொடுத்து, ஒரு பனியனைப் பிரித்து அவர் கையில் கொடுத்தார். அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஜெனிபர் எட்டிப் பார்த்தவள் நெஞ்சில் கையை வைத்துவிட்டாள்.

“அண்ணே! என்னத்தச் செஞ்சு வச்சிருக்கிய?”

“சுத்தம் பண்ணினனுங்க அம்மிணி. ஒரே பிசிறு.”

“ஐயோ, அது பிசிறு இல்லண்ணே, டிசைனு! அத வரையதுக்குன்னே ஆளு வச்சு வரைஞ்சு வாங்கிருக்காவ!”

“பிசிற யாராச்சும் ஆளு வெச்சு வரைவாங்களா?”

“அந்தப் பனிமூட்டத்த எங்க?”

“எந்த மூட்டமுங்க?”

“மரத்துக்கு நடுவுல புள்ளி புள்ளியா இருந்துச்சே!”

“அது தூசிதானுங்களே?”

முதலாளியம்மா என்னைத் திட்டவில்லை. “மாஸ்டர், வெள்ளிக்கிழமை லாரிங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். புது போர்டு அங்கேதான் இருந்தது. திட்டியிருந்தால் தேவலை.

ஏரிக் ஏதோ சொன்னார். ஜெனிபர் சொன்னாள்: “பாட்டக் கேட்டா ஒங்களுக்கே புரியும்னு சொல்லுதாரு. பிளாக் மெட்டல்னு பேரு. மூட்டம் மாதிரி சுத்தி சூழ்ந்துக்கிடுமாம். உள்ளுக்குள்ள மெட்டு ஓடுமாம்.”

ஏசி அறையில் என்னை உட்காரவைத்து, ஏரிக் தன் ஹெட்போனை எடுத்துத் தன் கையாலேயே என் காதில் மாட்டினார். பொத்தானை அமுக்கினார்.

அம்மாடி! மழை தகரத்தில் இறங்கின மாதிரி ஒரு மத்தளம். நூறு கம்பியை ஒரே நேரத்தில் அறுக்கிற மாதிரி கிட்டார். நடுவில் ஏரிக், பாம்பைக் கண்டவர் மாதிரி அலறுகிறார். இவ்வளவு அமைதியான மனிதரா இது என்று அவரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். மரியாதைக்கு நானும் கண்ணை மூடினேன்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். மூன்றாவது நிமிடம் என் தலை சாய்ந்ததாம். ஐந்தாவது நிமிடம் குறட்டை. ஹெட்போனைத் தாண்டி வந்த பாட்டைவிடக் குறட்டை சத்தமாக இருந்ததாக ஜெனிபர் இன்றும் சத்தியம் செய்கிறாள்.

பாட்டு முடிந்து சத்தம் நின்றதுமே திடுக்கென்று எழுந்து நின்று கேட்டேனாம்:

“ஏனுங்க, கரண்டு போயிருச்சுங்களா?”

மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏரிக் முகத்தில் கோபமா, வருத்தமா, ஒன்றும் தெரியவில்லை. அவர் ஊர் தாண்டிக் கொண்டுவந்த பாட்டைக் கேட்டு நான் தூங்கியிருக்கிறேன். முதலாளியம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார்.

வாழ்க்கையில் முதல்முறையாக, நாலு பேர் முன்னால் நானாக வாய் திறந்தேன்.

“தப்பா நெனைக்காதீங்க. நான் சோமனூருங்க. எங்கூட்டுச் செவுத்துக்கு மறுபக்கமே தறி ஓடுமுங்க. தறிச் சத்தத்துலதான் எங்களுக்குத் தூக்கம். கரண்டு போயி தறி நின்னாத்தான் முழிப்பு வரும். இவரு பாட்டும் அதே மாதிரித்தானுங்க இருக்குது. மொதல்ல வெறும் சத்தம். காது பழகுனா உள்ள ஒரு மெட்டு வருதுங்க. சத்தத்த எடுத்துட்டா மெட்டும் போயிருமுங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. மேஜைமேல் கிடந்த பனியனைப் பார்த்தேன்.

“நானு எடுத்துட்டனுங்களே” என்றேன்.

ஜெனிபர் அதை ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்லச் சொல்ல, ஏரிக் சிரிக்க ஆரம்பித்தார். முடியெல்லாம் முகத்தில் விழ, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு ஏதோ சொன்னார். இப்போது ஜெனிபரும் சிரித்துவிட்டாள்.

“அண்ணே, குழு ஆரம்பிச்ச நாள்லருந்து இவரு அம்மாவால அந்தப் பேர வாசிக்கவே முடியலையாம். ஒங்க பனியன்லதான் மொதல் தடவையா வாசிக்கப் போறாவளாம். அம்மாவுக்கும் சித்திமாருக்குமா பத்து பனியன் இப்படியே வேணுமாம்.”

“மத்ததுங்க?” என்றார் முதலாளியம்மா, மூச்சே விடாமல்.

“மத்ததச் சரி பண்ண முடியுமான்னு கேக்காரு.”

முடியும். நான் எதையும் கூட்டவில்லை, குறைத்துத்தான் இருந்தேன். அதே பிலிமில் புது ஸ்கிரீன் போட்டு, பழைய அச்சின்மேல் இம்மி பிசகாமல் மறுபடி அடித்தால், விட்டுப்போனது எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒருமுறை உலர்ந்த பனியனை அதே இடத்தில் திரும்ப மாட்டுவது லேசான வேலை இல்லை. நானூற்றுத் தொண்ணூறு தடவை மாட்டினேன். ஏரிக்கும் சம்மணம் போட்டு உட்கார்ந்து பனியன் எடுத்துக் கொடுத்தார். ஸ்பீக்கரில் அவருடைய ஆல்பம் ஓடியது. (நின்றுகொண்டு வேலை செய்ததால் தூங்கவில்லை.) ஒவ்வொரு பனியனிலும் வேர் படர்ந்தது, மரங்களுக்கு நடுவே மூட்டம் இறங்கியது. உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை லாரி கிளம்பியது. போர்டு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

கச்சேரி முடிந்து ஒரு போட்டோ வந்தது. முடியை விரித்துப் போட்ட கறுப்புச் சட்டைக் கூட்டத்தின் முன்வரிசையில் வெள்ளைத் தலையோடு ஓர் அம்மா, என் பனியனை ஸ்வெட்டருக்கு மேலே போட்டுக்கொண்டு, பேரை விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

என் வீட்டில்தான் எனக்கு மரியாதை போய்விட்டது. கிழிந்த ஜீன்ஸைப் பார்த்து நான் முகம் சுளித்தால், “டிசைனுங்கப்பா” என்பாள் மகள் மஞ்சு. தோசை ஓரம் பிய்ந்து வந்தால், “டிசைனுங்க” என்பாள் மனைவி சரசு. போன மாதம் மஞ்சுவைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் நல்ல பையன். தாடி மட்டும் நாலு பக்கமும் ஓடியிருந்தது. நான் சும்மாதான் பார்த்தேன், சாமி சத்தியமாக வாயைத் திறக்கவில்லை. அதற்குள் சமையலறையிலிருந்து மணப்பெண்ணே கத்தினாள்:

“அப்பா! அது டிசைனு!”

எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே அந்தப் பையனும் சிரித்தான். தை பிறந்ததும் நிச்சயம் வைத்திருக்கிறோம்.

எழுதி முடித்தது: மார்கழி கடைசி ஞாயிற்றுக்கிழமை, மதியம்.