குடும்பப் படமும் மூன்று மான்களும்

நான் ஒரு காலத்தில் வடிவாய் இருந்தேன். நம்பாதவர்களுக்குக் காட்ட ஆதாரமும் வைத்திருக்கிறேன். அந்த ஆதாரத்துக்குக் கொடுத்த விலைதான் அதிகம்.

சண்டை திரும்பவும் தொடங்கியிருந்த காலம். நாங்கள் திருகோணமலைப் பாலையூற்றில் இருந்தோம். எனக்கு ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. கொழும்பில் இருந்து வந்த ஒருவரிடம் பாவித்த டிஜிட்டல் கமரா ஒன்று வாங்கியிருந்தேன். அதன் மெமரி கார்டில் பத்துப் பன்னிரண்டு படத்துக்கு மேல் பிடிக்காது. புதிதாய் எடுக்க வேண்டுமென்றால் பழையதை அழிக்க வேண்டும். பற்றரியோ நாலைந்து படத்தில் மூச்சை விடும். ஆனால் என் பெரிய கலைஞன் நடப்புக்குக் குறைவில்லை. குசினி வாசலில் நின்று, "வெளிச்சம் எங்க இருந்து வருகுது எண்டு முதல்ல பார்க்க வேணும்" என்று விளக்கம் கொடுப்பேன். (அம்மாவின் பதில்: "அடுப்பில இருந்து வருகுது. தள்ளி நில்.")

திருகோணமலையில் இருந்துகொண்டு கடலைப் படம் எடுக்க முடியாத கலைஞன் நான். கடற்படை இருக்கும் துறைமுகப் பக்கம் கமராவைத் தூக்கினால் கமராவும் வீட்டுக்கு வராது, நானும் வரமாட்டேன். ஆகவே காகம், செவ்வரத்தம்பூ, பட்டணத்துக்குள் திரியும் மான்கள் என்று கை பழகினேன்.

அந்த நேரத்தில்தான், ஒவ்வொரு வீட்டாரும் குடும்பமாய் நின்று எடுத்த படம் ஒன்றைப் பதிய வேண்டும் என்று கிராம அலுவலரான விதானையார் வந்து சொன்னார். வீடு சோதிக்க வருபவர்கள் படத்தையும் ஆட்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். அப்பா ஸ்டூடியோவுக்குப் போக வெளிக்கிட்டார். நான் விடவில்லை.

"வீட்டில ஒரு கலைஞன் இருக்கேக்க ஸ்டூடியோ என்னத்துக்கு?"

"கலைஞனோ? எங்க, எங்க?" என்று கதிரைக்கு அடியில் குனிந்து தேடினான் சுதன். என் தம்பி. பத்தொன்பது வயது. பந்தடியில் அவனைப் பிடிக்க ஆள் கிடையாது.

முற்றத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் பிஸ்கட் தகரம், அதன்மேல் தங்கை வாணியின் இரசாயனவியல் புத்தகம், உச்சியில் கமரா. தானாகப் படம் எடுக்கும் பொத்தானை அமத்தினால் பத்துச் செக்கன் தரும். அதற்குள் ஓடி வந்து நிற்க வேண்டும். கமராக்காரன் நான்தானே ஓட வேண்டும்? ஆனால் ஓடினால் தலைமயிர் குழம்பிவிடும். (அரைமணி நேரம் தண்ணீர் தடவி இழுத்த தலை.)

"சுதன், நீ அமத்திப்போட்டு ஓடி வா" என்றேன்.

முதல் படத்தில் சுதன் வந்து, நிமிர்ந்து, அழகாய்ச் சிரித்துக்கொண்டு நின்றான். நான் கண்ணை மூடிவிட்டேன். இரண்டாவதிலும் அவன் சரி. நான் வாயைத் திறந்து, "கெதியா வாடா" என்றபடி இருந்தேன். மூன்றாவதில் என் மூக்கு எனக்குப் பிடிக்கவில்லை. நாலாவதற்கு ஓடி வரும்போது சுதனுடைய செருப்பு கழன்றது. கமரா கிளிக் என்றது. பற்றரி செத்தது.

அந்த நாலாவது படத்தில் நான் ராசா மாதிரி இருந்தேன். அப்பா, அம்மா, வாணி மூவரும் நல்ல தெளிவு. படத்தின் ஓரக் கரையில் மட்டும் ஒரு நீலச் சேர்ட், அதற்கு மேல் புகை போல ஏதோ ஒன்று. அதுதான் சுதன்.

புதுப் பற்றரி போட்டு, மற்ற மூன்றையும் அழிக்க விரலை வைத்தபோது அவன் பக்கத்தில்தான் நின்றான்.

"அழியுங்கோ அண்ணா. நீங்கள் வடிவா இருந்தாக் காணும். நான் வீட்டிலதானே நிக்கிறன், என்னை ஆருக்குப் படத்தில பார்க்க வேணும்?"

அழித்தேன். கார்டில் காலியான அந்த இடத்தில் மறுநாள் மூன்று மான்கள் எடுத்தேன்.

விதானையார் படத்தில் தலையை மட்டும் எண்ணினார். "அஞ்சு. சரி" என்று முத்திரை குத்தினார். சோதிக்க வந்த சிப்பாய்தான் புகையில் விரலை வைத்து யார் என்று கேட்டான். சுதன் ஒரு காலைத் தூக்கி, ஓடுகிற மாதிரி அப்படியே அசையாமல் நின்று காட்டினான். அம்மாவுக்கு உயிர் போய் வந்தது. சிப்பாய் சிரித்துவிட்டான். பிறகு ஒவ்வொரு சோதனைக்கும் அந்தக் கூத்து நடந்தது.

ஒருநாள் காலை சுதன் சைக்கிள் செயின் வாங்கப் பட்டணத்துக்குப் போனான். திரும்பி வரவில்லை. எங்கே மறித்தார்கள், யார் மறித்தார்கள், இன்றுவரை தெரியாது. சைக்கிளும் கிடைக்கவில்லை.

முறைப்பாடு கொடுக்கப் படம் கேட்டார்கள். அடையாள அட்டை அவனோடு போய்விட்டது. அதற்குப் படம் எடுத்த ஸ்டூடியோக்காரர் கடையை மூடிக்கொண்டு இந்தியாவுக்குப் போயிருந்தார். பழைய அல்பம் முன்னைய இடப்பெயர்வில் தொலைந்தது. மிஞ்சியது என் கலைப்படைப்பு. அம்மா அதைப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு கந்தோர் கந்தோராய் ஏறினார். நான் கூடப் போனேன்.

"அம்மா, முகம் தெரியிற படம் ஒண்டும் இல்லையோ?" என்று எல்லா இடத்திலும் கேட்டார்கள்.

"இதுதான் ஐயா இருக்கு. மூத்தவன் எடுத்தவன்."

கேட்டவர் படத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். என்னை அடையாளம் காண்பதில் ஒருவருக்கும் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

ஒருநாள் திரும்பி வரும் பஸ்ஸில் அம்மாவிடம் அந்த மூன்று படத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். மானையும் சொன்னேன். சனம் பார்க்க அழுதேன். அம்மா பொலித்தீன் பையை மடியில் நேராக்கி வைத்தார். பாலையூற்றில் இறங்கிய பிறகுதான், "இனி ஒண்டையும் அழிச்சுப்போடாத, தம்பி" என்றார்.

அதற்குப் பிறகு நான் எடுத்த ஒரு படத்தையும் அழித்ததில்லை. ஆடினது, இருண்டது, என் விரல் விழுந்தது எல்லாம் கம்ப்யூட்டரில் குவிந்து கிடக்கிறது. மனைவி ஏசுவாள். மான்களும் இருக்கின்றன. கண்ணிமை மயிர்கூட எண்ணலாம், அவ்வளவு தெளிவு.

போன வருடம் வாணியின் மகள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, "கரையில நிக்கிறது பேயோ?" என்று கேட்டாள். அம்மாதான் பதில் சொன்னார்.

"பேயில்லைப் பிள்ளை, உன்ர சின்ன மாமா. உன்ர பெரிய மாமா அவசரப்பட்டு எடுத்துப்போட்டார். அவன் இன்னும் ஓடி வந்துகொண்டிருக்கிறான்."

சொல்லிவிட்டு அம்மா சிரித்தார். சுதன் போன பிறகு அந்தப் படத்தைப் பார்த்து அவர் சிரித்தது அன்றைக்குத்தான். இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதை நடக்கிறது. வந்தவர்கள் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். அம்மா முந்தானையால் படத்தின் கண்ணாடியைத் துடைக்கிறார், கரைப் பக்கத்தை மட்டும். நடுவில் நான் வடிவாய் இருக்கிறேன்.