ரின் மரக்கறியும் ராக்காயியின் பயிற்றங்காயும்

தகர ரின்னில் அடைத்த மரக்கறியில் சத்து அதிகமா, தோட்டத்துப் பச்சை மரக்கறியில் அதிகமா என்பதை விஞ்ஞான ரீதியாக ஒப்பிட்டு, மாங்குளத்துக்கு அண்மையிலுள்ள எங்கள் பாடசாலையின் மதிய உணவுக்கு ஒன்றைத் தெரிவுசெய்ய ஒரு குழு நியமிக்கப்பட்டது. அதுவரை பாடசாலைக் குசினிக்கு மரக்கறி கொடுத்துவந்தவர் ராக்காயி. ரின் வென்றால் அவருடைய ஒரே வருமானம் போய்விடும். ஆகவே விடியப்புறம் பிடுங்கிய பயிற்றங்காயையும் கீரையையும் ஈரம் காயமுன்னரே கொண்டுவந்து, மண்டபத்து மேசையில் ரின்னுக்குப் பக்கத்தில் வைத்தார். பெற்றோர் நாங்களும் கதிரைகளில் அமர்ந்தோம்.

பிரதம விருந்தினர் இல்லாமல் பயிற்றங்காயை ஒப்பிடுவது மரபல்ல. அவர் புளியங்குளத்தில் ஒரு மலசலகூடத்தைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியபின் வந்து சேர்ந்தார். மாலை, நாடா வெட்டல், மங்கல விளக்கு, வரவேற்பு நடனம், பொன்னாடை எல்லாம் முறைப்படி நடந்தன. பிறகு, மரக்கறியை வாடமுன் உண்ணவேண்டியதன் அவசியம் பற்றி நீண்ட உரை ஆற்றினார். தகரக் கூரைக்குக் கீழே கீரை தலையைத் தொங்கப்போட்டது.

தண்ணீர் தெளிக்க எழும்பிய ராக்காயியைக் குழுவின் உத்தியோகத்தர் பிரேமிளா மறித்தார்.

"மாதிரியில கை வைக்கக் கூடாது அம்மா. முடிவு பக்கச்சார்பாப் போயிடும்."

"வாடுதுங்களே மிஸ்."

"வாடட்டும். அதையும் பதிவு செய்வம்."

ஒருவழியாக ஒப்பீடு தொடங்கியது. ரின்னைத் திறக்கிற சாமான் ஒருவரிடமும் இல்லை. நாடா வெட்டிய கத்தரிக்கோலால் முயன்றதில் கத்தரிக்கோல் வளைந்ததே மிச்சம். ஆகவே ரின்னை மூடிய நிலையிலேயே, அதில் ஒட்டியிருந்த லேபலை வாசித்து மதிப்பிடலாம் என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. லேபலில் விற்றமின், நார்ச்சத்து, இரும்பு எல்லாம் வீதத்தோடு இருந்தன. பயிற்றங்காயையும் புரட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"இதில என்ன சத்து இருக்கு?" பிரேமிளா கேட்டார்.

"சாப்பிட்டாத் தெரியுங்க."

"சாப்பிட்டால் மாதிரி முடிஞ்சிடுமே அம்மா."

காலையில் இருந்த நிலையிலேயே ரின் இப்போதும் இருப்பதாகவும், பயிற்றங்காய் தன் நிலையிலிருந்து தளர்ந்துவிட்டதாகவும் குழு கண்டறிந்தது. ரின் தெரிவானது. குசினியிலிருந்து கறி வாசம் வந்துகொண்டிருந்ததால், அறிவிப்பு முடியமுன்னரே நாங்கள் கைதட்டினோம்.

சமைத்திருந்தது ராக்காயியின் மிச்ச மரக்கறி. கீரைக் கடையலைப் பிரதம விருந்தினர் மூன்றாம் தரமும் போடச் சொன்னார். கை கழுவிய கையோடு பிரேமிளா ராக்காயியைக் கூப்பிட்டு, இனி மாதாந்தக் கூட்டச் சாப்பாட்டுக்கு அவர்தான் மரக்கறி தரவேண்டும் என்றார்.

"லேபல் இல்லாட்டிப் பரவாயில்லைங்களா மிஸ்?"

"அது பிள்ளையளுக்கு அம்மா. இது நாங்கள் சாப்பிடத்தானே."

அடுத்த திங்கள் ரின்கள் பாடசாலைக்கு வந்து சேர்ந்தன. திறக்கிற சாமான் இன்னும் வரவில்லை. பிள்ளைகள் சோற்றையும் பருப்பையும் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். லேபலிலுள்ள விற்றமின் வீதங்கள் மட்டும் அவர்களுக்குப் பாடமாகிவிட்டன. பெற்றோர் நாங்கள் ராக்காயியிடம் கீரை வாங்கிக் கடைந்து, பின்னேரம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். இன்னொரு கூட்டம் வைத்தால் கட்டாயம் போவோம். சாப்பாடு நல்லது.