கம்பளி போர்த்திய பாட்டு

மாடியிலிருந்து மறுபடி 'டம் டம்' என்று கேட்டதும் லாண்டரிக்காரரின் இஸ்திரிப் பெட்டி யாரோ ஒரு வக்கீலின் கோட்டில் அப்படியே நின்றுவிட்டது.

"நிறுத்துங்க! ஓனரம்மா கம்பால தரையை இடிக்கிறாங்க!"

பின்னறையில் மகள் கிடாரோடும், மச்சான் தொண்டையோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்தோ வந்த, காது கிழியும் பங்க் ராக் பாட்டுக் கேசட் ஒன்று இருவரையும் கிறுக்குப் பிடிக்க வைத்திருந்தது. நாட்டில் வேறு யாருக்கும் அந்தக் கிறுக்கு இன்னும் பிடிக்கவில்லை. ட்ரம்ஸ் வாசிக்கக்கூட ஆளில்லை.

"ரெண்டே நிமிஷப் பாட்டு மாமா!"

"கடை வாடகை ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுதுடா. அவங்க கணக்கு டீச்சரா இருந்தவங்க. என்னையும் கழிச்சிடுவாங்க!"

சத்தம் மேலே போகாமலிருக்க லாண்டரிக்காரரே சலவைக்கு வந்த கம்பளிகளைச் சுவரெல்லாம், கூரையெல்லாம் தொங்கவிட்டார். பாட்டு அடங்கியது. இடி அதிகமானது.

சத்தத்தைச் சத்தத்தால் அமுக்கலாமென்று எல்லா மெஷின்களையும் ஓடவிட்டார். மெஷின் வேகத்துக்குப் பாட்டு ஓடியது. அதற்கும் மேலே இடி ஓடியது. நீராவி அறையை நிறைத்தது. கொடியில் தொங்கிய சட்டைகள் தலையில்லாத ரசிகர்களாகக் கைகளை வீசி ஆடின. மேகத்துக்குள் நிற்பதுபோல இருந்தது அவருக்கு. கால் தானாகத் தட்டியது. பயம்கூட ஒரு கணம் மறந்துபோனது.

மச்சான் அதைக் கேசட்டில் பதிவு செய்துவிட்டான்.

கேசட் கை மாறிக் கை மாறி, அவர் பார்த்தேயிராத ஊர்களுக்கெல்லாம் போனது. கார் ஷெட்டுகளில், மொட்டை மாடிகளில், மூடிய சினிமாக் கொட்டகைகளில் புதுப்புது பேண்டுகள் முளைத்தன. அதே அமுங்கின சத்தம் வர எல்லாரும் கம்பளி கட்டினார்கள். கம்பால் தரையை இடித்தார்கள்.

ஒருநாள் ரேடியோ கேட்டது: "நாட்டையே ஆட வைக்கும் அந்த ட்ரம்மர் யார்?"

"போச்சு! அவங்க கோபத்தை ஊருக்கே ஒலிபரப்பிட்டோம்!" லாண்டரிக்காரர் தலையில் கை வைத்தார்.

"ரேடியோ கேட்டிருக்க மாட்டாங்கப்பா," என்றாள் மகள்.

மாடிப்படியில் கம்பு இறங்கி வரும் சத்தம்.

ஓனரம்மா உள்ளே வந்தார். கம்பளிகளைப் பார்த்தார், மெஷின்களைப் பார்த்தார்.

"அம்மா, காலி மட்டும் பண்ணச் சொல்லிடாதீங்க. இனிமே பாட்டே கிடையாது," என்று கைகூப்பினார் லாண்டரிக்காரர்.

ஓனரம்மாவின் கண்கள் கலங்கின.

"கம்பளியைக் கட்டி, மெஷினை ஓட்டி, நான் அடிக்கிறதை ஏன் அமுக்கணும்? என்னை பேண்டுல வச்சுக்க இஷ்டமில்லேன்னா நேரா சொல்லிடுங்க... நானே விலகிக்கிறேன்."